சம்பளச் சீட்டை வாசிக்கக் கற்பிக்காத கல்வி

தேசியக் கல்விக் கொள்கை 2020, 'வாழ்க்கைத் திறன்கள்' என்று ஒரு பட்டியல் தருகிறது: தகவல் தொடர்பு, ஒத்துழைப்பு, குழுவாகப் பணியாற்றல், இடரிலிருந்து மீண்டெழுதல். கேட்க இனியவைதாம். ஆனால் எவருடைய இலாபத்துக்காகக் குழுவாகப் பணியாற்றுவது? எவர் விளைவித்த இடரிலிருந்து மீண்டெழுவது? குழுவாக உழைக்கக் கற்பிக்கும் பள்ளி, குழுவாக ஊதியம் கேட்கக் கற்பிப்பதில்லை.

6 முதல் 8ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவர்கள் பத்து நாள்கள் புத்தகப்பையின்றித் தச்சரிடமும் தோட்டக்காரரிடமும் குயவரிடமும் தொழில் பயில வேண்டும் என்கிறது அதே கொள்கை. உழைப்பை மதிக்கப் பழகுவது நன்றே. அந்தத் தச்சரின் நாட்கூலி என்ன, முதுமையில் அவருக்கு ஓய்வூதியம் உண்டா என்று கேட்கவும் மாணவருக்குக் கற்பிக்க வேண்டாமா?

பள்ளிக் கல்வி முடித்து ஆலைக்குள் நுழையும் இளைஞரை எண்ணிப் பாருங்கள். கணிதச் சூத்திரங்களை மனப்பாடமாக ஒப்பிப்பார். தம் சம்பளச் சீட்டை வாசிக்கத் தெரியாது. வருங்கால வைப்பு நிதிக்குத் தம்மிடம் 12 சதவீதம் பிடித்தால் முதலாளியும் அதே அளவு செலுத்த வேண்டும். இஎஸ்ஐக்குத் தம் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், மிகைநேர உழைப்புக்கு இரட்டை ஊதியம், மாத ஊதியம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். இவற்றில் ஒன்றையேனும் வகுப்பறை அவருக்குச் சொன்னதுண்டா? 'பயிற்சியாளர்' என்று அமர்த்தப்பட்டால், 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம் அவரைத் தொழிலாளராகவே கருதாது என்பதையும் அவர் அறியார். அவரது அறியாமை முதலாளிக்கு வருமானம்.

29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஒன்றிய அரசு. அரசின் முன்அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்வதற்கான வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. வேலைநிறுத்தத்திற்கு எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் 14 நாள் முன்னறிவிப்புக் கட்டாயம். உரிமைகள் பறிக்கப்படும் காலத்தில், அவை இருந்தன என்பதையே அறியாத ஒரு தலைமுறை உருவாவது ஆள்வோருக்கு எத்துணை வசதி!

“வகுப்பறைக்குள் அரசியலா?” என்பர் சிலர். சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு வழங்கியது. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமோ 15 வயது நிறைந்தவரையே சங்க உறுப்பினராக ஏற்றது. அது பத்தாம் வகுப்பு மாணவரின் வயது. நாட்டின் சட்டத்தைச் சொல்வது அரசியல் என்றால், அதை மறைப்பதும் அரசியலே.

எனவே நமது கோரிக்கை தெளிவானது. குறைந்தபட்ச ஊதியம், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு, சங்கம் சேரும் உரிமை ஆகியவை 9ஆம் வகுப்பிலிருந்தே பாடமாக வேண்டும். மாணவர், ஆசிரியர், தொழிற்சங்க இயக்கங்கள் இதற்கென ஒன்றுபட்டுக் குரலெழுப்ப வேண்டும். பணிந்து போகப் பழக்குவது கல்வியன்று. தனக்குரியதைக் கணக்கிட்டுக் கேட்கக் கற்பிப்பதே கல்வி.