கிட்டத்தட்ட அதே மழை

எனக்குத் தெரிந்த கணக்கு பற்று, வரவு, இருப்பு. பி.காம்.காரனிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்? போன வாரம் மகன் படித்துக்கொண்டிருந்த கன்ட்ரோல் தியரி புத்தகத்தில் 'ஆல்மோஸ்ட் பீரியாடிக் மாட்ரிக்ஸ்' என்று பார்த்தேன். அவன் விளக்கியபோது ஞாபகம் வந்தது முல்லைப் பெரியாறு. சிரிக்காதீர்கள் :-)

இங்கே மஸ்கட்டில் எங்கள் பிராஞ்சின் கேஷ் தேவையைப் பாருங்கள். வாரக்கடைசி ஏழு நாளுக்கு ஒருமுறை. சம்பளம் மாதம் ஒருமுறை. ரம்ஜான் வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முந்தும். தனித்தனியே எல்லாம் ஒழுங்கு. கூட்டிப் பார்த்தால் எந்த வருஷமும் அச்சு அசலாகத் திரும்பாது, கிட்டத்தட்டத் திரும்பும். எவ்வளவு பிசகு பரவாயில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். 1920களில் இதை வகுத்தவர் ஹரால்ட் போர். விஞ்ஞானி நீல்ஸ் போரின் தம்பி, 1908 ஒலிம்பிக் கால்பந்தில் வெள்ளி வாங்கியவர்!

எங்கள் வீடு வண்டிப்பெரியாறில், அணைக்குக் கீழே. சித்தப்பா வயல் கம்பத்தில். ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் எங்கள் ஆறு வழியே இடுக்கி அணைக்குப் போகும். சுரங்கம் வழியே விட்டால் கம்பம், பிறகு வைகை. எதைத் தொட்டால் எது எவ்வளவு அசையும் என்று போடும் கட்டம்தான் மாட்ரிக்ஸ். அதிலுள்ள எண்கள் பருவத்தோடு மாறும். அவை துல்லியமாகத் திரும்பினால் ஒரு சுற்றைப் பார்த்தே எப்போதும் தாங்குமா என்று சொல்லிவிடலாமாம். கிட்டத்தட்டத் திரும்பினால் அந்தச் சலுகை கிடையாது.

மழையும் அப்படித்தான். வருஷப் பருவம் ஒன்று, முப்பது முதல் அறுபது நாள் அலை ஒன்று, இரண்டு முதல் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை எல் நினோ. போதாததற்கு எந்தக் கணக்கிலும் சிக்காத குருட்டு மழை வேறு.

நாம் என்ன செய்கிறோம்? தேதி போடுகிறோம். 2018 ஆகஸ்ட் 9 அன்று இடுக்கியின் செறுதோணி ஷட்டர் 26 வருஷம் கழித்துத் திறந்தது. 15ஆம் தேதி முல்லைப் பெரியாறு 142 அடி. அன்று ராத்திரி அம்மாவுக்கு லைன் கிடைக்கவேயில்லை. 2021இல் ரூல் கர்வ் பேச்சு வந்தது: அக்டோபர் 31 அன்று 138 அடி, நவம்பர் 30 அன்று 142. இடையில் நவம்பர் 10 வரை 139.5 என்றது உச்ச நீதிமன்றம். பாலக்காட்டுப் பக்கம் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்திலும் செப்டம்பர் 1, பிப்ரவரி 1 அன்று கேரளச் சோலையாறு நிரம்பியிருக்க வேண்டும் என்று தேதிதான்.

தேதி இல்லாததற்கு இது ஆயிரம் மடங்கு மேல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை ஆரம்பப் புள்ளியாக மட்டும் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. வரும் நீர், வானிலை முன்கணிப்பு, இடுக்கியிலும் வைகையிலும் உள்ள இடம், இவற்றை இரு மாநில இன்ஜினியர்களும் ஒரே நேரத்தில் பார்த்து அளவை ஏற்றி இறக்க வேண்டும்.

சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். "மழை வரும்னு தொறந்து விட்டுட்டு, வராமப் போச்சுன்னா? எங்க ரெண்டாம் போகத்துக்கு யாருப்பா ஜாமீன்?" என்றார்.

பாங்க்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். அம்மாவுக்குப் பிசகு என்றால் வாசல்படி ஏறும் ஆறு. அவருக்குக் கடைசித் தண்ணி கிடைக்காத நெல். முன்கணிப்பை நம்பித் திறந்த தண்ணீர் பின்னால் குறைந்தால், அந்தக் குறையை யார் எப்படி ஈடு கட்டுவது என்பதும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாக ஏறட்டும். அப்போது நான் சித்தப்பாவிடம் திரும்பவும் பேசுகிறேன்.