கப்பல் தரை தட்டினால் தூங்கியவர் மட்டும்தான் குற்றவாளியா?
சின்ன சரக்கு கப்பல் அதிகாரிகளின் தூக்கம் கெட்ட வாழ்க்கை

நள்ளிரவு மணி 12.

கேப்டனின் டூட்டி முடிந்தது. சீப் ஆபீசர் மேல் அறைக்கு வந்து கப்பலின் பொறுப்பை ஏற்றுக் கொண்டார். அறையில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் கண் அயர்ந்து விட்டார்!

அதற்குப் பிறகு 3 மணி நேரத்துக்கு மேல் அந்த கப்பலை கவனிக்க ஆளே இல்லை. தானாக ஓடியது. கடலைத் தாண்டியது. அதிகாலை 3-21 மணிக்கு எதிர்க்கரையில் போய் தரை தட்டி நின்றது.

இது சினிமா காட்சி அல்ல. 2008-ம் ஆண்டு ஜூன் மாதம் 29-ந் தேதி நடந்த உண்மை சம்பவம். கப்பலின் பெயர் "அன்டாரி". ஸ்காட்லாந்தில் உள்ள கார்பாக் துறைமுகத்தில் பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு, பெல்ஜியம் நாட்டில் உள்ள கென்ட் துறைமுகத்துக்கு போய்க் கொண்டிருந்தது. போய் நின்ற இடமோ வட அயர்லாந்தில் லார்ன் என்ற ஊருக்கு பக்கத்து கடற்கரை!

நல்ல வேளையாக அது சாய்வான கரை. பாறையாக இருந்திருந்தால் கதையே வேறு.

மணி இருந்தது, அடிக்கவில்லை

இங்கிலாந்து நாட்டின் கடல் விபத்து விசாரணை குழு இதை துருவித் துருவி விசாரித்தது. திடுக்கிடும் விவரங்கள் வெளிவந்தன.

ஓட்டுகிறவர் தூங்கி விட்டால் எழுப்புவதற்கு என்றே அந்த கப்பலில் ஒரு எச்சரிக்கை மணி இருந்தது. அதன் சுவிட்சை யாரும் போடவில்லை!

இரவு நேரத்தில் அதிகாரிக்கு துணையாக இன்னொரு மாலுமி மேல் அறையில் நின்று கடலை கவனிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்த மாலுமியும் அங்கே இல்லை!

போலீஸ் நிலையத்துக்கு செய்தி எடுக்கப் போகிறவர்களுக்கு இந்த கதை புதிது அல்ல. விடியற்காலை நேரத்து லாரி விபத்து செய்திகளில் "டிரைவர் கண் அயர்ந்து விட்டதாக தெரிகிறது" என்ற வரி அடிக்கடி வரும். அந்த வரியோடு செய்தி முடிந்து விடும். டிரைவர் முதல் நாள் எத்தனை மணிக்கு வண்டி எடுத்தார் என்று யாரும் கேட்பது இல்லை.

கப்பல் விஷயத்தில் அந்த கேள்வியை கேட்டிருக்கிறார்கள். பதில் என்ன?

6 மணி வேலை, 6 மணி ஓய்வு

பெரிய கப்பல்களில் கேப்டனைத் தவிர 3 அதிகாரிகள் இருப்பார்கள். ஆளுக்கு 4 மணி நேரம் டூட்டி, 8 மணி நேரம் ஓய்வு என்று மாறி மாறி வருவார்கள். கப்பலில் இந்த ஷிப்டுக்கு "வாச்" என்று பெயர்.

ஐரோப்பிய கரையோரம் ஓடும் சின்ன சரக்கு கப்பல்களில் கதை வேறு. சமையல் செய்கிறவரையும் சேர்த்து மொத்தமே 6 பேர், 7 பேர்தான். கப்பலை ஓட்டும் தகுதி உள்ளவர்கள் பலவற்றில் இரண்டே பேர். ஒருவர் கேப்டன். இன்னொருவர் சீப் ஆபீசர்.

நாளுக்கு 24 மணி நேரம். ஆள் இரண்டு. ஆகவே ஆளுக்கு 12 மணி நேரம். 6 மணி வேலை, 6 மணி ஓய்வு, மறுபடியும் 6 மணி வேலை. ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. மாதக்கணக்கில் இதே கதைதான்!

"ஆறு மணி நேரம் ஓய்வு இருக்கே, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கலாமே" என்று கேட்கத் தோன்றும்.

அந்த 6 மணி நேரத்தில்தான் சாப்பிட வேண்டும். குளிக்க வேண்டும். துணி துவைக்க வேண்டும். அடுத்த டூட்டிக்கு கால் மணி நேரம் முன்னதாக எழுந்து முகம் கழுவ வேண்டும். படுத்ததும் தூக்கம் வர வேண்டுமே! எஞ்சின் உறுமல் ஒரு பக்கம், கப்பல் ஆட்டம் ஒரு பக்கம். நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினால் பெரிய காரியம்.

டூட்டி முடிந்தாலும் வேலை முடியாது

சீப் ஆபீசரின் வேலை கப்பலை ஓட்டுவதோடு முடிந்து விடுவது இல்லை.

எந்த சரக்கை எங்கே ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது என்று திட்டம் போட வேண்டும். ஏற்றிய பிறகு கப்பல் சாயாமல் நிற்குமா என்று கணக்கு போட வேண்டும். எடையை சரிக்கட்ட எந்த தொட்டியில் கடல் தண்ணீர் நிரப்புவது, எதில் வெளியேற்றுவது என்று பார்க்க வேண்டும். கிடங்கை கழுவி காய வைக்க வேண்டும். கிடங்கின் மூடியில் தண்ணீர் கசிகிறதா என்று சோதிக்க வேண்டும்.

தீயணைக்கும் கருவி, உயிர்காக்கும் படகு எல்லாவற்றையும் பரிசோதித்து நோட்டில் எழுத வேண்டும். கடல் வரைபடங்களில் வரும் திருத்தங்களை சேர்க்க வேண்டும். துறைமுகத்தில் நுழையும்போதும் புறப்படும்போதும் கயிறு கட்டும் இடத்தில் போய் நிற்க வேண்டும். அது ராத்திரி 2 மணியாக இருந்தாலும் எழுந்துதான் ஆக வேண்டும்.

பெரிய கப்பல் ஒரு துறைமுகத்தை விட்டால் அடுத்த துறைமுகம் சேர பல நாள் ஆகும். சின்ன கப்பல் இன்று ஒரு ஊர், நாளை மறுநாள் வேறு ஊர். கடல் பொங்கி தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் பல சின்ன துறைமுகங்களில் நுழைய முடியும். அந்த நேரம் யாருடைய தூக்கத்துக்காகவும் காத்திருக்காது!

கணக்கு இதோ

மாலுமிகளின் ஓய்வுக்கு சர்வதேச சட்டம் இருக்கிறது. அதன் விவரம் வருமாறு:-

எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு. அதை இரண்டு பகுதிக்கு மேல் பிரிக்கக் கூடாது. அதில் ஒரு பகுதி சேர்ந்தாற்போல் 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். வாரத்துக்கு மொத்தம் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு.

இதை திருப்பிப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் 77 போனால் 91. அதாவது வாரம் 91 மணி நேரம் ஒரு மனிதனை வேலை வாங்கலாம் என்று இந்த கணக்கு சொல்கிறது! நம் ஊர் தொழிற்சாலையில் வாரத்துக்கு 48 மணி நேரம்தான்.

இன்னும் கேளுங்கள். 6-6 முறையில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் டூட்டி. வாரத்துக்கு 84. சட்டம் விடும் 91-ல் 84 போனால் மிச்சம் 7. நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம்!

மேலே சொன்ன சரக்கு கணக்கு, கயிறு கட்டுவது, பரிசோதனை, பதிவேடு எல்லாவற்றையும் அந்த ஒரு மணி நேரத்தில் முடித்து விட வேண்டும். முடியுமா? கடைக் கணக்கு எழுதுகிற எந்த குமாஸ்தாவும் முடியாது என்றுதான் சொல்வார்.

அப்படியானால் கப்பலில் என்ன செய்கிறார்கள்?

"அட்ஜஸ்ட்மெண்ட்"

நோட்டில் சரிக்கட்டி விடுகிறார்கள்!

ஒவ்வொரு மாலுமியும் வேலை நேரம், ஓய்வு நேரம் இரண்டையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். உண்மையை எழுதினால் கப்பலுக்கு சிக்கல், கம்பெனிக்கு கோபம். ஆகவே சட்டத்துக்கு பொருந்துகிற மாதிரி எழுதுகிற பழக்கம் வந்து விட்டது.

இது வதந்தி அல்ல. ஸ்வீடன் நாட்டில் மால்மோ நகரில் உலக கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் கடல்சார் அமைப்பு நடத்துவது. 2020-ம் ஆண்டு அது வெளியிட்ட ஆராய்ச்சி அறிக்கை இதைத்தான் சொல்கிறது. பதிவேட்டை திருத்தி எழுதுவது பரவலாக நடக்கிறது, கப்பலில் இருக்கும் ஆட்கள் போதவில்லை என்பதே முக்கிய காரணம் என்று அது கூறியது. அந்த அறிக்கையின் தலைப்பிலேயே "அட்ஜஸ்ட்மெண்ட்" என்ற சொல் இருக்கிறது.

எச்சரிக்கை மணி அடிக்காத மர்மமும் இதில்தான் இருக்கிறது. இரவு காவலுக்கு நிற்க வேண்டிய மாலுமியை பகலில் துருப்பிடித்த இடத்தை சுரண்டவும், பெயிண்டு அடிக்கவும் விட்டால் அவர் ராத்திரி எப்படி நிற்பார்? போய் படு என்று அனுப்பி விடுகிறார்கள். சில நிமிடத்துக்கு ஒரு தடவை பட்டன் அமுக்கச் சொல்லும் மணி தொந்தரவாக தெரிகிறது. அணைத்து விடுகிறார்கள்.

ஒன்றல்ல, இரண்டல்ல

1997-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி. "சிட்டா" என்ற கப்பல் கன்டெய்னர்களோடு இங்கிலாந்தின் சிலி தீவுகளில் பாறை மேல் ஏறியது. டூட்டி அதிகாரி தூக்கம். மணி அணைக்கப்பட்டிருந்தது. ஊழியர்கள் உயிர் தப்பினார்கள். கப்பல் மூழ்கியது. கரை ஒதுங்கிய ஷூவையும் சட்டையையும் தீவு மக்கள் அள்ளிக் கொண்டு போனார்கள்!

2003-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி. "ஜாம்போ" என்ற கப்பல் துத்தநாக தாது ஏற்றிக் கொண்டு அயர்லாந்தில் இருந்து நார்வேக்கு போனது. அதிகாரி தூக்கம். ஸ்காட்லாந்து கரையோரம் மோதி மூழ்கியது. சரியாக 5 ஆண்டு கழித்து அதே ஜூன் 29-ல்தான் "அன்டாரி" தரை தட்டியது.

2011-ம் ஆண்டு முதல் எச்சரிக்கை மணி கட்டாயம் என்ற சர்வதேச விதி படிப்படியாக வந்தது. அதற்குப் பிறகாவது நின்றதா?

2013-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி. "டேனியோ" என்ற கப்பல் மரக்கட்டைகளோடு இங்கிலாந்தின் பார்ன் தீவுகளில் போய் மாட்டிக் கொண்டது. அதே 6-6 டூட்டி. அதே தனி ஆள். அதே தூக்கம். மணி இருந்தது, அதே மாதிரி போடப்படவில்லை!

எல்லா அதிகாரிகளும் அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. 2021-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி பால்டிக் கடலில் "ஸ்காட் கேரியர்" என்ற சரக்கு கப்பல், டென்மார்க் நாட்டு சிறிய கப்பல் ஒன்றின் மீது மோதி கவிழ்த்தது. 2 பேர் பலியானார்கள். டூட்டியில் இருந்த அதிகாரி மது அருந்தி இருந்தார். ஸ்வீடன் கோர்ட்டு அவருக்கு சிறைத்தண்டனை கொடுத்தது. குடித்து விட்டு கப்பல் ஓட்டியவருக்கு பரிதாபம் காட்ட வேண்டியது இல்லை.

ஆனால் குடிக்காமல், ஊர் சுற்றாமல், வேலை செய்து செய்தே கண் சொருகியவரை அதே கூண்டில் நிறுத்துவது நியாயமா?

மூன்றாவது ஆள் எங்கே?

இங்கிலாந்து விசாரணை குழு 2004-ம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு நடத்தியது. தரை தட்டிய கப்பல்களில் மூன்றில் ஒரு பங்கு, இரவில் களைத்துப்போன அதிகாரி தனியாக இருந்த கப்பல்கள் என்று கண்டுபிடித்தது. பரிகாரமும் சொன்னது. 500 டன் அளவுக்கு மேற்பட்ட கப்பல்களில் கேப்டனைத் தவிர 2 அதிகாரிகள் இருக்க வேண்டும். மூன்று பேர் இருந்தால் 4 மணி வேலை, 8 மணி ஓய்வு. அவ்வளவுதான், பிரச்சினை பாதி தீர்ந்தது!

2012-ம் ஆண்டு முடிந்த ஐரோப்பிய ஆராய்ச்சி ஒன்றில் 90 கப்பல் அதிகாரிகளை கப்பல் மாதிரி அறைகளில் வேலை செய்ய விட்டு சோதித்தார்கள். 6-6 முறையில் இருந்தவர்கள் 4-8 முறையில் இருந்தவர்களை விட அதிகம் களைத்தார்கள். நள்ளிரவு முதல் விடியும் வரை உள்ள நேரம்தான் மோசம் என்று தெரிந்தது.

இவ்வளவு தெரிந்தும் மூன்று பேர் கட்டாயம் என்ற விதி உலகம் முழுவதற்குமாக வரவில்லை. ஏன்?

ஒரு கப்பலில் குறைந்தது எத்தனை பேர் என்பதை அந்த கப்பல் எந்த நாட்டில் பதிவாகி இருக்கிறதோ அந்த நாடுதான் முடிவு செய்கிறது. குறைந்த ஆளுக்கு அனுமதி தரும் நாட்டில் கப்பலை பதிவு செய்வது முதலாளிக்கு லாபம். கூட ஒரு அதிகாரி என்றால் கூட ஒரு சம்பளம், சாப்பாடு, அறை. போட்டியில் இருக்கும் முதலாளி, "அடுத்தவன் ரெண்டு பேரை வெச்சு ஓட்டுறான், நான் மட்டும் மூணு பேருக்கு எங்கே போவேன்?" என்றுதான் நினைப்பார். ஆகவே ஒரு முதலாளியை குறை சொல்லி புண்ணியம் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி வந்தால்தான் தீரும்.

பெற்றோர் கவனிக்க

தமிழ்நாட்டில் இருந்தும் பல இளைஞர்கள் கப்பல் அதிகாரி ஆகிறார்கள். நகையை அடகு வைத்து மகனை மெரைன் படிப்பில் சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. சம்பளம் எத்தனை டாலர் என்று முதலில் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான்.

அதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்.

"அந்த கப்பலில் வாச் பார்க்கிற அதிகாரிகள் எத்தனை பேர்? ரெண்டா, மூணா?"

மூன்று என்றால் தைரியமாக அனுப்பலாம். இரண்டு என்றால், பையன் எத்தனை மணி நேரம் தூங்குவான் என்று மேலே சொன்ன கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

நாளைக்கு எங்காவது ஒரு சின்ன கப்பல் தரை தட்டினால் "அதிகாரி கண் அயர்ந்தார்" என்று நாங்களும் செய்தி போடுவோம். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவரை 12 மணிக்கு தனியாக மேலே ஏற்றி விட்டது யார் என்பதும் அந்த செய்தியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பாதி செய்திதான்!