பெரிய திடலில் தடுமாறும் பயிற்சியாளர்

கூடைப்பந்து விளையாட்டை உலகுக்கு அளித்தவர் ஜேம்ஸ் நைஸ்மித் என்பார். 1891-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பீச்சுப் பழம் வைக்கும் இரண்டு கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி, மாணவர்களை அவர் ஆட வைத்தார். பின்னர் 1898-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, 1907 வரை அங்குள்ள அணியைப் பயிற்றுவித்தார். அக்காலத்தில் அவ்வணி பெற்ற வெற்றி 55, தோல்வி 60. கான்சாஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர்களுள், வெற்றியினும் தோல்வி மிகுதியாகக் கண்டவர் இவர் ஒருவரே! விளையாட்டைப் படைத்தவரே அதனைப் பயிற்றுவிப்பதில் பின்தங்கினார். அவரிடம் பயின்ற ஃபாக் ஆலனோ அதே கான்சாஸில் பல்லாண்டு பயிற்சியாளராக இருந்து பெரும்புகழ் ஈட்டினார்.

இஃது எள்ளி நகைப்பதற்குரிய செய்தி அன்று. எண்ணிப் பார்ப்பதற்குரிய செய்தி. அறிவு ஒன்று, அதனைப் பிறருக்கு ஊட்டும் ஆற்றல் மற்றொன்று. ஓரிடத்தில் வெல்வது ஒன்று, வேறோர் இடத்தில் வெல்வது மற்றொன்று. இவ்வேறுபாட்டை உணராமையால் நாம் எத்தனையோ நல்ல ஆசிரியர்களைக் குறைத்து எடை போடுகின்றோம்.

நைஸ்மித்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நமக்குத் தொலைவில் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் அதே கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியோடு உடன் சென்றவரும் அவரே. அந்தக் கல்லூரியில் பயின்றவர்கள் தமிழகமெங்கும் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியர்களாக அமர்ந்தனர். சேலத்திலும் நாமக்கல்லிலும் பள்ளி வளாகத்தின் ஓர் ஓரத்தில் இரண்டு கம்பங்களும் இரண்டு வளையங்களும் நிற்பதைக் காண்கின்றோமே, அவற்றின் வேர் அங்கே இருக்கின்றது.

இனி, நம் காலத்துச் செய்தி ஒன்றைப் பார்ப்போம். ஷாகா ஸ்மார்ட் என்னும் இளைஞர் 2009-இல் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆனார். அது பெரும்புகழ் பெற்ற அணி அன்று. 2011-ஆம் ஆண்டுத் தேசியப் போட்டியில், முதன்மைச் சுற்றுக்குள் நுழைவதற்கே முன்னோட்ட ஆட்டம் ஒன்றை ஆட வேண்டிய நிலையில் அவ்வணி இருந்தது. அங்கிருந்து தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் வென்று, கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக உயர்ந்தது. ஐந்தாவதாக அது வீழ்த்திய அணி, நைஸ்மித்தின் கான்சாஸ்! எதிரணியினர் பந்தை எடுத்த கணமே ஆடுகளம் முழுவதும் அவர்களை நெருக்கி, மூச்சுவிட இடங்கொடாமல் பந்தைப் பறிப்பதே ஸ்மார்ட் கற்பித்த முறை. பெரிய கல்லூரிகள் புறக்கணித்த இளைஞர்கள் பசியோடு ஓடினார்கள், வென்றார்கள்.

2015-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. செல்வம் மிகுந்த நிறுவனம், பரந்த அரங்கம், நாட்டின் தலைசிறந்த இளைஞர்கள் விரும்பி வரும் இடம். வெற்றி இனி ஆறாகப் பெருகும் என்றே பலரும் எண்ணினர். ஆறு ஆண்டுகளில் நிகழ்ந்ததோ வேறு. மூன்று முறை தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்ற அந்த அணி, மூன்று முறையும் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறியது. 2021-இல் தன் வட்டாரக் கோப்பையை வென்ற சில நாட்களிலேயே, அதே மாநிலத்தைச் சேர்ந்த அபிலீன் கிறிஸ்தியன் என்னும் சிறிய கல்லூரியிடம் 53-52 என ஒரே ஒரு புள்ளியில் வீழ்ந்தது.

அவருடைய அறிவு குறைந்துவிட்டதா? உழைப்பு தளர்ந்ததா? இல்லை. காரணங்கள் வேறு.

முதலாவது, ஓரிடத்து முறை மற்றோரிடத்து மனிதர்க்குப் பொருந்தாமை. யாரும் விரும்பாத இளைஞனுக்குத் தன்னை மெய்ப்பிக்கும் வேட்கை இருக்கின்றது. நாடே கொண்டாடும் இளைஞனுக்கோ அடுத்த படி எங்கே என்னும் எண்ணமே மேலோங்குகின்றது. தவிர, டெக்சாஸ் எதிர்கொண்ட அணிகளில் பந்தைத் திறம்படக் கையாளும் ஆட்டக்காரர் பலர் இருந்தனர். நெருக்கிப் பறிக்கும் உத்தி அவர்களிடம் எளிதில் பலிக்கவில்லை.

இரண்டாவது, காலம் இன்மை. அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தின் விதிப்படி, பள்ளிப் படிப்பை முடித்த இளைஞன் ஓராண்டு காத்திருந்தே அதில் சேர இயலும். ஆகவே மிகச் சிறந்தவர்கள் ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டுப் பறந்துவிடுகின்றனர். 2017, 2018, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் டெக்சாஸ் அணியின் நெடிய நடு ஆட்டக்காரர் ஒவ்வொருவராக இவ்வாறு விடைபெற்றனர். ஒவ்வோர் ஆண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் ஆசிரியர் எப்போது காவியம் கற்பிப்பார்?

மூன்றாவது, எதிர்பார்ப்பு என்னும் சுமை. சிறிய இடத்தில் பெறும் ஒவ்வொரு வெற்றியும் வரவு. பெரிய இடத்தில் வெற்றி கடமை. தோல்வி மட்டுமே கணக்கில் ஏறும். அங்கே பயிற்சியாளர் முதல் நாளிலேயே கடனாளியாக நுழைகின்றார். நன்கொடையாளர், பழைய மாணவர், நிருவாகிகள், செய்தித்தாள்கள் எனப் பல எசமானர்களுக்கு அவர் விடையிறுக்க வேண்டும்.

2021-இல் ஸ்மார்ட் டெக்சாஸை விட்டு, மில்வாக்கி நகரில் இயேசு சபையினரின் மார்க்வெட் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 2022-23 பருவத்தின் தொடக்கத்தில், பதினொரு அணிகள் கொண்ட அவ்வட்டாரத்தில் மார்க்வெட் ஒன்பதாம் இடம் பெறும் என்றே மற்றப் பயிற்சியாளர்கள் கணித்தனர். பருவத்தின் முடிவில் அது முதலிடம் பெற்றது. வட்டாரக் கோப்பையையும் வென்றது. ஆசிரியர் அவரேதான். இடம் மாறியது, மாணவர் மாறினர், பொறுத்திருந்து வளர்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. இயேசு சபையினரின் மற்றொரு நிறுவனமாகிய ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தை 1984-இல் தேசிய வாகையர் ஆக்கிய மாபெரும் ஆட்டக்காரர் பேட்ரிக் யூவிங். அவரே 2017-இல் அங்குப் பயிற்சியாளராகத் திரும்பினார். 2021-இல் வட்டாரக் கோப்பையை வென்றபோது ஊரே மகிழ்ந்தது. அடுத்த பருவத்தில் வட்டார ஆட்டங்கள் பத்தொன்பதிலும் தோல்வி. 2023-இல் அவர் பதவி இழந்தார். உயர ஆடியவன் உயரக் கற்பிப்பான் என்பது உறுதி இல்லை. ஏனெனில், மேதையின் உடலுக்குத் தானாகவே தெரிந்ததை அவன் வாய் சொல்லத் தடுமாறுகின்றது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுகள் உள. 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற இந்திய ஆக்கி அணியின் தலைவர், நம் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன். அவர் பயிற்றுவித்த அணி 2000-ஆம் ஆண்டு சிட்னியில் போலந்து நாட்டை வெல்லும் நிலையில் இருந்தது. கடைசி நிமிடங்களில் வாங்கிய ஒரே ஒரு கோலால் ஆட்டம் 1-1 எனச் சமனாகி, அரையிறுதி வாய்ப்பு நழுவியது. இந்தியா ஏழாம் இடம் பெற்றது. இருபது ஆண்டுகளில் உலக ஆக்கி புல்தரையிலிருந்து செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. அந்த மாற்றத்தில் நம் நாடே பின்தங்கி இருந்தது. அத்தனை சுமையையும் பயிற்சியாளர் ஒருவர் தோளில் ஏற்றுவது முறையாகுமா?

கிரிக்கெட்டில் கிரெக் சாப்பலின் கதை பலரும் அறிந்தது. ஆஸ்திரேலியாவின் ஒப்பற்ற மட்டையாளராகிய அவர் 2005-இல் இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார். அவர் காலத்தில் இந்தியா இரண்டாவதாக ஆடி இலக்கை எட்டுவதில் தொடர்ந்து 17 முறை வென்றது உண்மை. ஆயினும் அணித் தலைவர் சௌரவ் கங்குலியைப் பற்றி அவர் வாரியத்திற்கு எழுதிய மடல் வெளியே கசிந்தது. மூத்த ஆட்டக்காரர்களோடு நம்பிக்கை முறிந்தது. 2007 உலகக் கோப்பையில் வங்காளதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று, இந்தியா முதற்சுற்றோடு திரும்பியது, சாப்பல் விலகினார். அதற்கடுத்த ஆண்டு பொறுப்பேற்ற கேரி கிர்ஸ்டன், முன்பு எந்த நாட்டு அணிக்கும் பயிற்சியாளராக இருந்தவர் அல்லர். அதிகம் பேசாமல், வலைப்பயிற்சியில் தாமே ஓயாது பந்தெறிந்து, மூத்தோரை மதித்து, இளையோரை அரவணைத்தார். 2011 ஏப்ரல் 2-ஆம் நாள் மும்பையில் உலகக் கோப்பை நம் கைக்கு வந்தது. திறமையைவிட நம்பிக்கையே முதலில் கட்டப்பட வேண்டிய சுவர் என்பதை இவ்விருவர் கதையும் உணர்த்துகின்றன.

வாசக அன்பர்களே, சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு.

நம் பகுதிப் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளையைக் கண்டெடுக்கின்றார். பந்தைத் தட்டக் கற்பிக்கின்றார், ஓடக் கற்பிக்கின்றார், தோற்றால் அழாதிருக்கக் கற்பிக்கின்றார். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை மாவட்ட அணிக்குத் தகுதி பெறும் நேரத்தில், “பொதுத் தேர்வு வருகின்றது, இனி விளையாட்டு வேண்டாம்” என்று வீட்டார் நிறுத்திவிடுகின்றோம். அல்லது விடுதிப் பள்ளிக்கு மாற்றிவிடுகின்றோம். அமெரிக்காவில் தொழில்முறைச் சங்கம் செய்வதை, இங்கே மதிப்பெண் செய்கின்றது. ஆண்டுதோறும் அந்த ஆசிரியரும் அரிச்சுவடியிலிருந்தே தொடங்குகின்றார். ஆண்டு விழாவில் கோப்பை இல்லை என்றால் மட்டும், “என்ன சார், நம் பள்ளிக்கு ஒன்றும் இல்லையா?” என்று அவரையே கேட்கின்றோம். மழை நாளில் அவருடைய பாடவேளையைக் கணக்குப் பாடத்திற்கு எடுத்துக்கொண்டதையும், வெயில் நாளில் அவ்வாறே செய்ததையும் எவரும் நினைப்பதில்லை.

சிறிய ஊரில் நன்றாகப் பணியாற்றிய ஆசிரியர் பெரிய பள்ளிக்கு மாறி, முதல் ஆண்டில் தடுமாறினால், “ஊரில் பேர் எடுத்தவர் இங்கே ஒன்றும் இல்லை” என்று பேசிவிடுகின்றோம். யானைக்கும் அடி சறுக்கும் என்பதை மறந்துவிடுகின்றோம். புதிய மண்ணில் வேர் பிடிக்கக் காலம் வேண்டாவா? மரவள்ளிக் குச்சியை நட்டவர், மூன்றாம் மாதத்தில் பிடுங்கிக் கிழங்கு இருக்கின்றதா என்று பார்ப்பதில்லை. நிலத்தில் காட்டும் பொறுமையை மனிதரிடம் ஏன் காட்டலாகாது?

பொறுமையின் பயனுக்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கின்றது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராசன், 2015-இல் தமிழக அணிக்கு வந்தபோது, பந்து வீசும் முறை ஐயத்திற்கு உள்ளானது. அதைத் திருத்த உடன் நின்று உழைத்த பயிற்சியாளர்கள் இருந்தனர். 2017-இல் பெருந்தொகைக்கு ஏலம் எடுக்கப்பட்டும் அவர் ஒளிரவில்லை. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் இந்தியாவுக்காகக் களம் இறங்கினார். பெரியவடகம்பட்டியின் மாரியப்பன், ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்த சிறுவன். அவன் தாண்டுவதைக் கண்டு உயரம் தாண்டுதலுக்குத் தூண்டியவர் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வந்தது. உலக அரங்கில் ஏறிய அந்தக் கால், முதலில் பழகியது கிராமத்துத் திடலில்தான்.

ஆகவே, பெற்றோர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். ஒன்று: உங்கள் பிள்ளையின் விளையாட்டு ஆசிரியரை இவ்வாண்டு ஒரு முறையேனும் திடலில் சென்று காணுங்கள். “எத்தனை கோப்பை?” என்று கேளாதீர்கள்; “என் பிள்ளையிடம் என்ன மாற்றம் காண்கின்றீர்கள்?” என்று கேளுங்கள். இரண்டு: பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டை அடியோடு நிறுத்தாதீர்கள்; மாலையில் ஒரு மணி நேரம் ஓடிய உடல் இரவில் தெளிவாகப் படிக்கும். மூன்று: பள்ளி நிருவாகத்தில் பங்குபெறுவோர், புதிதாக வந்த ஆசிரியருக்கு மூன்று ஆண்டேனும் காலம் தாருங்கள், பந்தும், சுண்ணாம்புக் கோடும், அவருக்கே உரிய பாடவேளையும் தாருங்கள். அதன் பின்னர் கணக்குக் கேளுங்கள். கேட்பது நியாயமாகவும் இருக்கும்.

ஐம்பத்தைந்து வென்று அறுபது தோற்ற அந்த நைஸ்மித்தைக் கான்சாஸ் தள்ளிவிடவில்லை. பயிற்சிப் பொறுப்பு கைமாறிய பின்னும் பேராசிரியராகவே அவரைப் போற்றி வைத்துக்கொண்டது. தோல்விக் கணக்கிற்கு அப்பால் ஆசிரியரின் மதிப்பைக் காணும் கண் அவ்வூருக்கு இருந்தது. அந்தக் கண் நம் ஊர்களுக்கும் வாய்க்குமாயின், நம் பிள்ளைகள் நல்ல ஆசிரியர்களை இழக்க மாட்டார்கள்.