பெயர்ப் பட்டியல் பூட்டாகுமா?

பெங்களூர் நகரத்துக்குக் கணிப்பொறி வலையமைப்பு புதியதன்று. 1986-ஆம் ஆண்டில் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியுடன் ‘எர்நெட்’ என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியபோது, அதில் பங்கு கொண்ட எட்டு ஸ்தாபனங்களுள் இந்நகரின் இந்திய விஞ்ஞானக் கழகமும் ஒன்று. அன்று இணைக்கப்பட்ட கணிப்பொறிகள் சிலவே. இன்றோ ஆராய்ச்சிக் கூடங்களில் அளவுகருவி, அச்சுப்பொறி, கண்காணிப்புக் காமிரா யாவும் வலையமைப்பில் சேர்ந்துள்ளன. இவற்றினிடையே அந்நியக் கருவி புகாதவாறு காக்கும் பொருட்டு, மேக் முகவரி வடிகட்டி என்னும் ஏற்பாட்டை நம்பியிருக்கும் அலுவலகங்கள் உண்டு. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் தக்கது என்பது ஆராயத்தக்கது.

மேக் முகவரி என்பது, வலையமைப்பில் சேரும் கருவிக்கு உற்பத்திச் சாலையிலேயே இடப்படும் அடையாள எண். அது 48 பிட்டுகள் கொண்டது. சுமார் 281 லட்சம் கோடி வேறுபட்ட முகவரிகளுக்கு அதில் இடமுண்டு. வழக்கமாக அதன் முற்பாதி உற்பத்தியாளரையும் பிற்பாதி தனிக் கருவியையும் குறிக்கும். பல கருவிகளின் கம்பிகள் வந்து சேரும் ஸ்விட்ச் என்னும் பெட்டி, ஒவ்வொரு தகவல் கட்டிலும் உள்ள அனுப்புநர் முகவரியைப் படித்து, அது எந்த வாயில் வழியே வந்தது என்று குறித்துக்கொள்கிறது. இன்னின்ன முகவரிகளை அனுமதிக்க, ஏனையவற்றை மறுக்க என்று அதற்கு விதி வகுத்துக் கொடுப்பதே வடிகட்டி அமைத்தலாகும்.

விதிகள் பொதுவாக மேலிருந்து கீழாக வாசிக்கப்படும். முதலில் பொருந்தும் விதியே முடிவு. எதிலும் அடங்காத முகவரி பெரும்பாலும் இறுதியில் மறுக்கப்படும். ஆதலின் வரிசை பிறழ்ந்தால் வேலை கெடும். மேற்பார்வையாளர் தம் கணிப்பொறியின் முகவரியைச் சேர்க்க மறந்தால், அவரே வெளியே நிற்க நேரும். ஸ்விட்ச் சில நாட்களில் தானே கண்டறிந்த முகவரிகளை முதலில் பொருட்பதிவேட்டுடன் ஒப்பிட்டு, பின்னர் ஒரு வாயிலில் மட்டும் சோதித்து, இறுதியில் அமைப்பை நிலையாகச் சேமித்தலே நன்முறை. சேமியாவிடில், மின்சாரம் நின்று மீண்டதும் விதிகள் மறைந்துவிடும்.

இத்துணைக் கவனத்துடன் அமைத்தபோதிலும் ஓர் அடிப்படைக் குறை நீங்குவதில்லை. மேக் முகவரி மறைக்கப்படாமலே பயணம் செய்கிறது. அதனை அறிந்துகொண்ட ஒருவர், சாதாரண மென்பொருளைக் கொண்டு, தம் கணிப்பொறியையும் அதே முகவரியைக் கூறச் செய்யலாம். ஸ்விட்ச் பெயரைக் கேட்கிறதேயன்றி முகத்தைப் பார்ப்பதில்லை. மறுபுறம், 2019-இல் வெளியான ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வெளியான ஐஓஎஸ் 14 ஆகியவை முதலாக, கைப்பேசிகள் தம்மைப் பிறர் பின்தொடராதிருக்கும் பொருட்டுக் கம்பியில்லா வலையமைப்புகளில் புனை முகவரிகளை வழங்குகின்றன. விளைவு யாதெனில், விருந்தினராக வந்த நேர்மையான ஆராய்ச்சியாளர் வாயிலில் நிறுத்தப்படுவார். பிறர் முகவரியைக் களவாடியவர் தடையின்றிச் செல்வார்.

ஆயின் பட்டியலை அறவே கைவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. ஓரிடத்தில் நிலைத்திருக்கும் அளவுகருவிகள், பழைய அச்சுப்பொறிகள் பலவற்றுக்கு வேறு சான்று காட்டும் திறன் இல்லை. அவற்றின் வாயில்களுக்கு இவ்வடிகட்டி பயன்படும். கம்பியைத் தவறுதலாக மாற்றிச் செருகுவதையும் தடுக்கும். அத்தகைய கருவிகளைத் தனிப் பிரிவாக ஒதுக்கி, வேண்டிய சேவைகளை மட்டும் அனுமதித்தல் நலம். மனிதர் கையாளும் கணிப்பொறிகளுக்கோ, 2001-இல் வெளியான 802.1எக்ஸ் என்னும் நியமமே உரியது. அது கடவுச்சொல்லையோ மின்னணுச் சான்றிதழையோ சரிபார்த்த பின்னரே வாயிலைத் திறக்கும். இதற்குத் தனிக் கணிப்பொறியும் பயிற்சி பெற்ற ஊழியரும் தேவை. எனினும், பல்லாண்டு உழைப்பில் சேர்ந்த ஆராய்ச்சிக் குறிப்புகளைக் காக்க அச்செலவு மிகையன்று.

பட்டியலுக்கு ஒரு பொறுப்பாளரை நியமித்து, கழிக்கப்பட்ட கருவியின் முகவரியை அன்றே நீக்கச் செய்வதும் அவசியம். பெயர்ப் பட்டியல் கணக்கெடுப்புக்கு நல்ல துணை. காவலுக்கு அது மட்டும் போதாது என்பதை ஸ்தாபனத் தலைவர்கள் உணர்ந்து ஆவன செய்தல் வேண்டும்.