கணக்கை மறைத்தால் நோய் மறையாது

மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் கழகத்தின் இயக்குநர் கே.எஸ்.ஜேம்ஸை, ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2023 ஜூலை இறுதியில் பணியிடை நீக்கம் செய்தது. நாட்டின் தேசிய குடும்ப நல ஆய்வை ஒன்றிய அரசுக்காக நடத்தித் தரும் நிறுவனம் இதுதான். பணி நியமனங்கள் தொடர்பான புகார்களே காரணம் என்று கூறப்பட்டது. புகார்களில் உண்மை உண்டா என்பதை நேர்மையான விசாரணையே முடிவு செய்ய வேண்டும். ஆனால் இந்த நடவடிக்கை வந்த சூழலைப் புறந்தள்ளிவிட முடியாது. ஆறாவது சுற்று ஆய்விலிருந்து இரத்தசோகைப் பரிசோதனை நீக்கப்பட்டது. நாட்டின் மாதிரி ஆய்வுகள் பழுதானவை என்று பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒருவரே நாளேட்டில் எழுதினார். இவை யாவும் சில வார இடைவெளியில் நிகழ்ந்தன.

ஐந்தாவது சுற்று ஆய்வு 2019 முதல் 2021 வரை, 707 மாவட்டங்களில், 6 லட்சத்து 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் நடத்தப்பட்டது. கிராமப்புற இந்தியா திறந்தவெளிக் கழிப்பிடமற்றதாகிவிட்டது என்று 2019 அக்டோபர் 2 அன்று பிரதமர் அறிவித்தார். 19 விழுக்காடு குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை என்றது ஆய்வு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே இரத்தசோகை 58.6 விழுக்காட்டிலிருந்து 67.1 ஆகவும், 15 முதல் 49 வயதுப் பெண்களிடையே 53.1 விழுக்காட்டிலிருந்து 57 ஆகவும் உயர்ந்திருந்தது. ஆட்சியாளர்களுக்கு இந்த ஆய்வு கசப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சிலவற்றைப் பார்த்து முழுமையைப் பற்றி முடிவுக்கு வரும் தொகுத்தறிதல் முறையின் சாரம் இதுவே. ஆனால் அந்த முடிவு நிபந்தனைகளுக்கு உட்பட்டது. பானை சீராகக் கிளறப்பட்டிருக்க வேண்டும். அடியிலும் மேலிலும் இருக்கும் எந்தச் சோறும் கைக்கு அகப்படும் வாய்ப்பு இருக்க வேண்டும். வேகாத சோறு வந்தால் அதை எறிந்துவிட்டு வேறொன்றை எடுக்கக் கூடாது. சாதி, வர்க்கம், பால், வட்டாரம் எனப் பிளவுண்ட இந்திய சமூகம் சீராக வெந்த பானை அல்ல. அதனால்தான் பி.சி.மகலநோபிஸும் அவரது சகாக்களும் மாதிரி ஆய்வின் நெறிமுறைகளை இத்தனை கண்டிப்போடு வகுத்தனர். ஒரே பகுதியில் தனித்தனிக் குழுக்கள் தனித்தனி மாதிரிகளை எடுத்து, இரண்டின் முடிவுகளையும் ஒப்பிட்டுப் பிழையைக் கண்டறியும் முறையை அவர் உருவாக்கினார். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு இந்த மரபில் வளர்ந்ததே.

எனவே ஒரு மாதிரி முழுமையைப் பிரதிபலிக்கிறதா என்று கேட்பது குற்றமல்ல, அதுவே அறிவியல். இரத்தசோகை குறித்த கேள்வியும் அப்படிப்பட்டதுதான். விரல் நுனியில் குத்தி எடுக்கும் இரத்தமும் நரம்பிலிருந்து எடுக்கும் இரத்தமும் வேறுபட்ட அளவுகளைக் காட்டக்கூடும். நரம்பிலிருந்து இரத்தம் எடுத்த 2016-18 தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடையே இரத்தசோகை 41 விழுக்காடாக இருந்தது. ஆகவே, 67 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு விவாதிக்க இடமுண்டு. ஆனால் நான்காவது, ஐந்தாவது சுற்றுகள் இரண்டிலும் விரல் நுனி இரத்தமே சோதிக்கப்பட்டது. ஒரே தராசு சற்றுக் கூடுதலாகவே காட்டும் என்றாலும், இரண்டு முறை நிறுத்தபோது எடை ஏன் கூடியது என்ற கேள்விக்கு அந்தக் குறை விடையாகாது. புதிய முறை வேண்டுமென்றால், பழையதையும் புதியதையும் ஒரு சுற்றிலேனும் சேர்த்து நடத்த வேண்டும். பழையதை நிறுத்திவிட்டால் முந்தைய சுற்றுகளோடு ஒப்பிடும் வழியே அடைபட்டுவிடும்.

இந்த அரசுக்கு இது புதிதல்ல. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வு, கிராமப்புற வறுமை கூடியிருப்பதைக் காட்டியதாக ஊடகத்தில் கசிந்தபோது, தரவின் தரம் சரியில்லை என்று கூறி 2019 நவம்பரில் அது கைவிடப்பட்டது. வேலையின்மை 6.1 விழுக்காடு எனக் கண்ட ஆய்வறிக்கை முடக்கப்பட்டதைக் கண்டித்து, தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் இரு உறுப்பினர்கள் 2019 ஜனவரியில் பதவி விலகினர். மக்களவைத் தேர்தல் முடிந்து, மே 31 அன்றுதான் அந்த அறிக்கை வெளிவந்தது.

கொரோனா மரணக் கணக்கிலும் இதே கதைதான். 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 47 லட்சம் மிகை மரணங்கள் நேர்ந்ததாக உலக சுகாதார அமைப்பு 2022 மே மாதம் மதிப்பிட்டது. அரசின் கணக்கோ 5 லட்சத்துக்கும் குறைவு. 17 மாநிலங்களின் தரவைக் கொண்டு நாடு முழுமைக்கும் முடிவு கட்டக் கூடாது என்று ஒன்றிய அரசு வாதிட்டது. பகுதியிலிருந்து முழுமைக்குச் செல்வதில் உள்ள அபாயம் உண்மையானதே. அதற்குத் தீர்வு எஞ்சிய மாநிலங்களின் கணக்கையும் வெளியிடுவதுதான். ஆனால் 2021ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவு அறிக்கை 2025 வரை வெளிவரவில்லை. முழுத் தரவையும் கையில் வைத்துக்கொண்டு, அரைகுறைத் தரவால் கணக்கிட்டார்கள் என்று பிறரைச் சாடியது என்ன நியாயம்?

மாதிரிகள் கிராமப்புறத்தை மிகையாகக் காட்டுகின்றன, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்ற பழைய பட்டியலிலிருந்தே எடுக்கப்படுகின்றன என்பது 2023இல் எழுந்த குற்றச்சாட்டு. பட்டியல் பழையதாகிவிட்டது என்பது மெய். அதைப் பழையதாக்கியது யார்? 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்துவந்த கணக்கெடுப்பு, 2021இல் நடக்கவில்லை. பெருந்தொற்றைக் காரணம் காட்டித் தொடங்கிய ஒத்திவைப்பு, தொற்று தணிந்து, தேர்தல்கள் பல நடந்து முடிந்த பின்னும் தொடர்ந்தது. கணக்கெடுப்பை நடத்தாத அரசே, கணக்கெடுப்பு பழையது என்று கூறி ஆய்வுகளை நிராகரித்தது.

இது புள்ளியியலாளர்களின் உள்விவகாரம் அல்ல. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் எண்ணிக்கை 2011 கணக்கெடுப்பின்படியே சுமார் 81 கோடியில் நிற்கிறது. பெருகிய மக்கள்தொகையைக் கணக்கில் கொண்டால், 10 கோடிக்கும் மேற்பட்டோர் ரேஷன் உரிமைக்கு வெளியே விடப்பட்டுள்ளனர் எனப் பொருளாதார அறிஞர்கள் ஜீன் டிரேஸும் ரீத்திகா கேராவும் 2020இலேயே சுட்டிக்காட்டினர். எண்ணப்படாதவருக்கு அரிசி இல்லை. அளக்கப்படாத இரத்தசோகைக்கு அங்கன்வாடியில் ஒதுக்கீடு கேட்க முடியாது. பதிவில் ஏறாத மரணத்துக்கு இழப்பீடு இல்லை. இந்த இழப்பைச் சுமப்பவர்கள் விவசாயத் தொழிலாளர்கள், புலம்பெயர் தொழிலாளர்கள், தலித்துகள், பழங்குடியினர், உழைக்கும் பெண்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒன்றிய அரசு உரிய காலத்தில் நடத்தியிருக்க வேண்டும். இரத்தசோகைப் பரிசோதனை குடும்ப நல ஆய்வில் தொடர்ந்திருக்க வேண்டும். முடக்கப்பட்ட ஆய்வுகள், அவற்றின் குறைபாடுகள் குறித்த விளக்கங்களோடு வெளியிடப்பட வேண்டும். புள்ளியியல் முறைகளை ஆராய பிரணாப் சென் தலைமையில் 2023 ஜூலையில் அமைக்கப்பட்ட குழு தலையீடின்றி இயங்கியிருக்க வேண்டும். தேசியப் புள்ளியியல் ஆணையத்துக்குச் சட்டப்பூர்வ அந்தஸ்து வழங்கப்பட வேண்டும். ஆய்வின் பிழையை இன்னொரு ஆய்வால் திருத்தலாம். ஆனால், கசப்பான விடை வந்தால் பதவி போகும் என்ற அச்சம் ஆய்வாளர்களிடையே பரவிவிட்டால், அடுத்த சுற்றில் வரும் நல்ல எண்களையும் நாட்டில் எவரும் நம்பப் போவதில்லை.