தாய்மைக்கு விலைப்பட்டியலா?

நமது சமூகத்தில் ஒரு பெண் கருவுற்றாள் என்னும் செய்தி கணவன் காதுக்கு எட்டுமுன்னே கடைக்காரன் காதுக்கு எட்டிவிடுகிறது. அன்றே தொடங்குகிறது செலவு. சூலுற்றவள் பருகுவதற்கென்று தனி மாவுப்பால். பிள்ளை சிவப்பாகப் பிறப்பதற்கென்று குங்குமப்பூ. பிள்ளை பிறக்குமுன்னரே வாங்கி அடுக்கிய பால்புட்டிகள். அப்புட்டிகளைச் சுத்தம் செய்ய மின்சாரப் பெட்டி. உடம்பெல்லாம் பூசப் பவுடர். அழுதால் புகட்டக் கிரைப் வாட்டர். நடக்கப் பழக்கச் சக்கரம் பூட்டிய வாக்கர். இவற்றுள் வேண்டியது எது, வேண்டாதது எது என்று கேட்பாரில்லை. கேட்கும் ஆண்மகன் கஞ்சன். கேட்கும் பெண்மகள் பாசமற்றவள்! பழி வரினும் வருக. அந்தக் கேள்வியைக் கேட்டே தீருவதென்று நாம் துணிந்தோம்.

நாம் சொல்ல வருவது இதுவே: தாய்க்கும் சேய்க்கும் என்று விற்கப்படும் பண்டங்களிற் பெரும்பகுதி தேவையால் வாங்கப்படுவன அல்ல, அச்சத்தால் வாங்கப்படுவன. அந்த அச்சத்தை விதைப்பவன் வணிகன். நீர் ஊற்றி வளர்ப்பவர் உற்றார் உறவினர். விலை கொடுப்பவளோ தாய். அவள் கொடுக்கும் விலை வெள்ளிக்காசு மட்டுமாயின் நாம் இவ்வளவு பேசமாட்டோம். தன் உடம்பின்மீதும் தன் அறிவின்மீதும் அவளுக்கிருந்த நம்பிக்கையையும் அல்லவா அவள் விலையாகக் கொடுத்துவிடுகிறாள்!

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். மலேசியாவில் 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று விதிக்கப்பட்டது. மாதத்திற்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளியும் சில்லறையும் வரும். உயர்ந்த ரகம் என்று விற்கப்படும் மாவுப்பால் டின் ஒன்று இந்த ஒருநாள் உழைப்பை முழுதும் விழுங்கிவிடக் கூடியது. செம்பனைக் குலை அறுத்து, உதிர்ந்த பழம் பொறுக்கி, வெயிலிலும் மழையிலும் ஈட்டிய கூலி, ஒரு தகர டப்பாவின் அடியில் போய் மறைகிறது. தேவையான பொருளுக்கு இவ்வாறு கொடுத்தால் அது கடமை; தேவையற்றதற்குக் கொடுத்தால் அதன் பெயர் என்ன?

குங்குமப்பூவை எடுத்துக்கொள்வோம். பாலில் இட்டுக் கருப்பவதி குடித்தால் குழந்தை சிவந்த மேனியோடு பிறக்கும் என்னும் நம்பிக்கை படியாதவர் வீட்டில் மட்டும் இருப்பதன்று. பட்டம் பெற்றோர் வீட்டிலும் கொலுவீற்றிருக்கிறது. குழந்தையின் நிறம் தாய் தந்தையரிடமிருந்து வரும் மரபணுக்களால் அமைவது. தாய் குடிக்கும் பாலின் நிறத்தால் அமைவதன்று. இஃது உண்மை என்பது ஒருபுறம் இருக்க, நாம் வேறொன்றைக் கேட்கிறோம். கறுப்பு ஒரு நோயா, மருந்து தேடுவதற்கு? பிறவாத குழந்தைக்குத் தாய் வயிற்றிலேயே இழிவு கற்பிக்கும் சமூகம், பிறந்தபின் அதற்கு எந்தத் தன்மானத்தைக் கற்பிக்கப் போகிறது? 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. இம்மண்ணில் கால் வைத்தபோது நம் முன்னோர் திரண்டு வரவேற்றது சுயமரியாதை என்னும் சொல்லுக்காக. அச்சொல்லை மேடையில் வைத்துவிட்டுப் பாற்கிண்ணத்தில் நிறவெறியைக் கரைத்துக் குடிப்பது என்னே பேதமை!

அடுத்து, சிறு சாமான்கள். குழந்தைக்குப் பவுடர் பூசாவிடில் குளிப்பாட்டியதாகவே நம்மவர் எண்ணுவதில்லை. அத்தூள் சிசுவின் மூச்சோடு உள்ளே போகும் என்பதால் குழந்தை மருத்துவர் வேண்டாமென்று சொல்லிப் பல காலம் ஆயிற்று. ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்த ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம், டால்க் என்னும் கனிமத் தூளாலான தன் குழந்தைப் பவுடர் விற்பனையை 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் கைவிட்டுச் சோளமாவுக்கு மாறிற்று. விற்றவனே விட்டுவிட்ட பின்னும் நாம் வெள்ளை முகத்துப் பொம்மையைப் போலப் பிள்ளையைப் பூசி நிறுத்தவேண்டுமா?

கிரைப் வாட்டர் 1851ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. அதன் பழைய சேர்க்கையில் சாராயமும் இருந்தது. அந்நாளிற் குழந்தை உறங்கியதில் வியப்பென்ன? இன்று சாராயம் நீங்கிவிட்டது. அழுகையை அது தீர்க்கும் என்பதற்கு மட்டும் தக்க சான்று இன்றளவும் இல்லை. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டியதில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. பிறந்தவுடன் நாவில் தடவும் தேனோ, ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குப் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரவல்லது.

வாக்கர் பற்றி ஒரு வார்த்தை. அதில் அமர்த்தினால் பிள்ளை விரைவில் நடக்கும் என்பது பொய். நடை தாமதப்படவே இடமுண்டு. படிகளில் உருண்டும், அடுப்பருகே ஓடிச்சென்றும் குழந்தைகள் காயமுற்றதால் கனடா நாடு 2004ஆம் ஆண்டில் அதன் விற்பனையையே தடைசெய்தது. நம் பாட்டன்மார் மரத்திற் செய்து கொடுத்த மூன்று சக்கர நடைவண்டி வேறு; அதைப் பிள்ளை தானே எழுந்து நின்று, தன் காலை நம்பித் தள்ளிற்று. வேடிக்கை என்னவெனில், வாக்கருக்குக் காசு கொடுக்கும் கைகள், மோட்டார் காரில் குழந்தையை அமர்த்தும் பாதுகாப்பு இருக்கைக்குக் கொடுக்கக் கூசுகின்றன. மலேசியாவில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் அவ்விருக்கை சட்டப்படி கட்டாயம். உயிர் காப்பது வேண்டாமாம். கால் ஒடிப்பது வேண்டுமாம்!

இவையெல்லாம் சிறு கேடுகள். பெருங்கேடு பால் டின்னில் இருக்கிறது.

தாய்ப்பால் சுரக்கும் முறையை ஒவ்வொரு தந்தையும் அறிந்திருத்தல் வேண்டும். குழந்தை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு சுரக்கும். உறிஞ்சுதல் குறைந்தால் சுரப்பும் குறையும். முதல் நாட்களில் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் அளவிற் சிறிது. ஆயின் பிறந்த குழந்தையின் வயிறும் சிறிது. இதை அறியாத மாமியாரோ அண்டை வீட்டாரோ, “பால் போதவில்லையே, பிள்ளை அழுகிறதே” என்று வாய் திறக்கிறார்கள். உடனே புட்டி வருகிறது. புட்டியால் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் உறிஞ்சுவதில்லை. உறிஞ்சாத மார்பு சுரப்பதில்லை. பத்து நாளில் “பால் போதவில்லை” என்னும் பொய் மெய்யாகிவிடுகிறது! தன் தேவையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பண்டம் உலகில் வேறு எத்தனை உண்டு? அபினியை அன்றி நமக்கு வேறொன்று நினைவுக்கு வரவில்லை.

இந்த உண்மையை முதலில் உரக்கக் கூறிய குரல்களில் ஒன்று நம் ஊரிலேயே எழுந்தது என்பதைப் பலர் அறியார். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் பணிபுரிந்து, குவாஷியார்கர் என்னும் ஊட்டக்குறை நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டியவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். அவர் பின்னர் மலாயாவுக்கு மாற்றப்பட்டு வந்தார். சர்க்கரை கலந்த கட்டிப்பாலைச் சிசுவுக்கேற்ற உணவென்று தாய்மாரிடம் விற்பதையும், அதன் பொருட்டுத் தாதியர் உடை தரித்த பெண்களை வணிகர் ஏவுவதையும் கண்டு மனங்கொதித்தார். 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், கனவான்கள் நிறைந்த சபையில், அவர் ஆற்றிய சொற்பொழிவுக்கு இட்ட பெயர் ‘பாலும் கொலையும்’ என்பதாகும். தவறான பிரசாரத்தால் குழந்தைகள் மடிவது கொலையே என்று அவர் கூசாது கூறினார். இருளிற் பெரட்டுக்குச் செல்லும் தாய் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற காலம் அது. அக்குரல் எத்தனை தோட்டத்து லயங்களை எட்டியிருக்கும்?

பின்னர் உலகம் மெல்ல விழித்தது. 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பால்மாவு விற்பனைக்கு எதிராகப் பகிஷ்காரம் மூண்டது. 1981ஆம் ஆண்டு மே மாதம், தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விற்கும் முறைபற்றி உலகச் சுகாதார மன்றம் ஓர் ஒழுங்குவிதியை நிறைவேற்றிற்று. ஆதரவு வாக்கு 118, எதிர்ப்பு வாக்கு ஒன்று, அவ்வொன்று அமெரிக்காவினுடையது. பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யலாகாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கலாகாது, தாய்ப்பாலின் மேன்மையை டின்னின் மீதே அச்சிடவேண்டும் என்பன அவ்விதியின் கூறுகள்.

வணிகன் என்ன செய்தான்? வாசலை அடைத்தால் ஜன்னல் வழியே புகுந்தான். சிசுவுக்கான பாலைப் பற்றிப் பேசத் தடையா? ஓராண்டுக்கு மேற்பட்ட பிள்ளைக்கென்று ‘வளரும் பால்’ ஒன்றைப் படைத்து, அதே நிறம், அதே இலச்சினை, அதே பெயரோடு கடையில் வைத்தான். மூளை வளரும் என்றான். எலும்பு வளரும் என்றான். வளர்ந்தது அவன் முதல். இத்தகைய தொடர்ச்சிப் பால் தேவையில்லை என்று உலகச் சுகாதார மன்றம் 1986ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. 2023ஆம் ஆண்டு வெளிவந்த வழிகாட்டுதலும் ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. வீட்டில் உண்ணும் சோறும் பருப்பும் கீரையும் மீனும் முட்டையும், இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலும், சாதாரணப் பசும்பாலும் அவ்வயதுக்குப் போதும்.

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் எட்டு நாடுகளில் ஆராய்ந்து 2022ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டன. பால்மாவு வணிகம் ஆண்டுக்கு 5,500 கோடி அமெரிக்க டாலர் பெறுமானமுள்ளது என்றும், விசாரிக்கப்பட்ட பெற்றோர், கருப்பவதிகளிற் பாதிக்கு மேற்பட்டோரை அவ்விளம்பரம் எட்டியிருந்தது என்றும் அது கூறுகிறது. நம் கைத்தொலைபேசியே இன்று தாதியர் உடை தரித்து நம் மடியில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு சாரார் குறுக்கிடுவர்: “பால் கொடுக்க இயலாத தாய் என் செய்வாள்? அவளையும் பழிக்கிறீரா?” இல்லை. தாயை இழந்த குழந்தை, நோயாலோ மருந்தாலோ பால் கொடுக்கக் கூடாத தாய், முயன்றும் சுரப்புக் குறைந்த தாய் ஆகியோருக்கு மாவுப்பால் தேவையான உணவு. அதை மருத்துவர் சொற்படி வாங்குக. டின்னில் கூறிய அளவு குறையாமலும், காய்ச்சி 70 பாகைக்குக் குறையாத சூட்டிலுள்ள நீரிலும் கரைத்து, ஆறவைத்துக் கொடுக்குக. காசு மிச்சமாகுமென்று மாவைக் குறைத்து நீரைக் கூட்டுவது பிள்ளையைப் பட்டினி போடுவதாகும். மருந்தை மருந்தென்று விற்றால் நமக்கு வழக்கில்லை. எல்லாரையும் நோயாளியாக்கி விற்பதையே எதிர்க்கிறோம்.

மற்றொரு சாரார் கேட்பது இன்னும் வலிய கேள்வி: “வேலைக்குப் போகும் பெண் எவ்வாறு ஆறு மாதம் பாலூட்டுவாள்?” இக்கேள்விக்கு நாம் தலைவணங்குகிறோம். மலேசியாவில் 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. ஆறு மாதம் என்பது ஏறக்குறைய 180 நாள். கழித்துப் பார்த்தால் இடைவெளி 82 நாள். பேற்றுக்கு முன்னரே விடுப்பிற் சில நாள் கழிந்தால் இடைவெளி இன்னும் பெரிது. அந்த 82 நாட் சந்தில்தான் பால் டின் நுழைகிறது! ஆகவே தாயைக் கடிந்து பயனில்லை, சந்தை அடைக்கவேண்டும். பாலைப் பீய்ச்சி எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் வரை கெடாது. அதற்கு வேண்டியது, வேலைத்தலத்தில் மறைவான ஓர் அறையும், இருமுறை சிறு ஓய்வும், குளிர்ப்பெட்டியில் ஒரு தட்டும். இவற்றைக் கேட்கும் தீர்மானம் எத்தனை தொழிற்சங்கக் கிளைகளில் நிறைவேறியிருக்கிறது? தந்தைக்குச் சட்டம் தந்த ஏழு நாள் விடுப்பில் எத்தனை தந்தையர் துணி துவைத்துச் சோறு சமைத்தனர்? எத்தனை பேர் கடைத்தெருவில் சாமான் சுமந்து அன்பைக் காட்டினர்?

அன்பின் அளவு ரசீதின் நீளமன்று. சூலுற்ற பெண்ணுக்கு வேண்டியவை சில: அரசாங்க மருத்துவ நிலையத்திற்குத் தவறாது செல்லுதல், அங்கே தரும் இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரைகளை உண்ணுதல், வீட்டில் முதற்பங்கு உணவு, நிம்மதியான உறக்கம். குழந்தைக்கு வேண்டியவை அதனினும் சில: தாயின் மார்பு, துவைத்த பருத்தித்துணி, கொசுவலை, உரிய காலத்துத் தடுப்பூசி. காசு மிகுந்தால், பேறு நேரத்து வாடகைக் காருக்கும், விடுப்பு முடிந்தபின் இன்னும் சில வாரம் தாய் வீட்டில் இருப்பதற்கும் சேர்த்து வைக்கலாம். வளைகாப்புக்குக் கடன்பட்டு, அக்கடனை அடைக்கப் பச்சை உடம்போடு வேலைக்கு விரையும் பெண்ணுக்கு, அவ்வளையல்கள் வளையல்கள் அல்ல, விலங்குகள்.

சகோதரிகளே! கடைக்காரன் உங்களிடம் ஒரு பொருளை நீட்டும்போது, “இஃது இல்லாவிடில் என் பிள்ளைக்கு என்ன குறை?” என்று கேளுங்கள். விடை அவனிடம் இராது. சகோதரர்களே! அதே கேள்வியை உங்கள் வீட்டுப் பெரியோரிடமும், உங்கள் முதலாளியிடமும் நீங்கள் கேளுங்கள். தாய்க்கு வேண்டுவது கடையில் இல்லை; காலத்தில் இருக்கிறது. அக்காலத்தை அவளுக்கு வாங்கிக் கொடுப்பதற்கே நம் சிக்கனமும் சங்கமும் பயன்படுக.