முழங்காலை நேராக்கினால் கணுக்கால் தாங்குமா?

உழவர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 47. இரண்டு ஏக்கரில் மானாவாரி மணிலா, ஒரு ஏக்கரில் கிணற்றுப் பாசன நெல், இரண்டு கறவை மாடுகள். ஐந்தாறு வருடமாக இடது முழங்காலில் வலி. கால் வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்துவிட்டது. மூட்டை மாற்ற வேண்டாம், எலும்பை வெட்டிக் காலை நேராக்கினால் போதும் என்கிறார் டாக்டர். "முட்டியை நேர் பண்ணினால் கணுக்கால் கோணிக்கொள்ளும், அப்புறம் வரப்பில் நடக்க முடியாது" என்று பக்கத்து ஊரில் பயமுறுத்துகிறார்கள். அதே காலில் பத்து வருடத்துக்கு முன்பு கிணற்று மேட்டில் சறுக்கிக் கணுக்கால் பிசகியது. இப்போதும் சாயங்காலம் ஆனால் வீங்கும். அதைப் பற்றி டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியாக எழுதியிருப்பதுதான் முக்கியமான விஷயம். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் கணுக்காலைக் காட்டுங்கள். பழைய அடி, மாலை வீக்கம் இரண்டையும் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் செய்யலாமா, எத்தனை டிகிரி திருப்பலாம் என்பதெல்லாம் அதைப் பார்த்த பிறகு முடிவாக வேண்டியவை.

பயிருக்கு மருந்து சொல்வது என் வேலை. உங்கள் காலைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் எலும்பு மருத்துவர். இந்த ஆபரேஷனில் என்ன நடக்கிறது, கணுக்காலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு, அவரிடம் நீங்கள் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக் குண்டு விட்டுப் பார்ப்பார் அல்லவா? இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு அப்படி ஒரு நேர்கோடு போட்டால், நல்ல காலில் அது முழங்காலின் நடுவை ஒட்டிப் போகும். உடம்பின் பாரம் இறங்குவது அந்தக் கோட்டில்தான். கால் வில்லாக வளைந்தால் கோடு முழங்காலின் உட்பக்கம் தள்ளிப்போகிறது. பாரம் முழுக்க அந்தப் பக்கமே விழ, அங்கே உள்ள குருத்தெலும்பு தேய்கிறது. தேயத் தேயக் கால் இன்னும் வளைகிறது. டிராக்டரின் முன்சக்கரம் கோணலாக இருந்தால் டயர் ஒரு பக்கமே தேய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

உங்கள் டாக்டர் சொல்வது எச்.டி.ஓ. என்ற ஆபரேஷனாக இருக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்னங்கால் எலும்பை வெட்டி, உட்பக்கத்தை ஆப்பு வைத்தது போல விரித்து, பிளேட்டும் ஸ்குரூவும் போட்டு நிறுத்துவார்கள். வெளிப்பக்கத்தில் ஆப்பு வடிவத்தில் எலும்பை எடுத்துவிட்டு மூடும் முறையும் உண்டு. இரண்டிலும் பாரக்கோடு தேய்ந்த பக்கத்திலிருந்து நல்ல பக்கத்துக்கு நகர்கிறது. தேய்மானம் ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள, அறுபது வயதுக்கு உட்பட்ட, உடலுழைப்பு உள்ளவர்களுக்கு இதைச் சொல்வது வழக்கம். சொந்த மூட்டு அப்படியே இருப்பதால் காட்டு வேலைக்குத் திரும்ப வாய்ப்பு அதிகம். பலருக்குப் பத்து வருடமோ அதற்கு மேலோ மூட்டு மாற்றும் தேவை தள்ளிப்போகிறது.

இனி கணுக்காலுக்கு வருவோம். முன்னங்கால் எலும்பு சாய்ந்திருந்தால் அதன் கீழ்முனையில் உள்ள கணுக்கால் மூட்டும் சாய்ந்துதானே நிற்கும்? ஆனாலும் இத்தனை வருடமும் உங்கள் பாதம் தரையில் படிந்துதான் நடந்திருக்கிறது. கணுக்காலுக்குக் கீழே, குதிகால் எலும்புக்கு மேலே இன்னொரு மூட்டு இருக்கிறது. மேலே உள்ள சாய்வுக்கு ஈடாக அது எதிர்ப்பக்கம் திரும்பிக்கொடுத்து, பாதத்தைத் தரையோடு சமமாக வைத்திருக்கிறது.

ஆபரேஷனில் முன்னங்கால் எலும்பைச் சில டிகிரி முதல் பத்துப் பன்னிரண்டு டிகிரி வரை திருப்புகிறார்கள். அப்போது கணுக்காலின் சாய்வும் மாறுகிறது. திருத்தம் அளவோடு இருந்தால், முன்பு சாய்ந்திருந்த கணுக்கால் மூட்டு தரைக்கு இணையாக வருகிறது. கீழே உள்ள மூட்டும் மெல்லத் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பலருக்கு இது நல்ல மாற்றமே. ஆகவே கணுக்கால் கட்டாயம் கெட்டுப்போகும் என்ற பேச்சு சரியல்ல.

ஆனால் அந்தப் பேச்சை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. மூன்று இடங்களில் சிக்கல் வரலாம். ஒன்று, திருத்தம் அதிகமாகிவிட்டால் கணுக்கால் மறுபக்கம் சாயும். இரண்டு, கீழ் மூட்டு பல வருடம் திரும்பியே இருந்து இறுகிப்போயிருந்தால், மேலே நேரானாலும் அதனால் திரும்பி வர முடியாது. பாதத்தின் உட்பக்கம் அழுந்தும், நடந்தால் வலிக்கும். மூன்று, கணுக்காலிலேயே ஏற்கெனவே தேய்மானம் இருந்தால், பாரம் இடம் மாறும்போது அந்த வலி கூடக்கூடும். பழைய பிசகலும் மாலை வீக்கமும் உள்ளதால், கடைசி இரண்டும் உங்களுக்கு இருக்கிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும். உங்களைப் போல வரப்பிலும் மேடு பள்ளத்திலும் நடப்பவர்களுக்கு அந்தக் கீழ் மூட்டு மிகவும் தேவை.

டாக்டரிடம் இந்த நான்கையும் எழுதி எடுத்துப்போய்க் கேளுங்கள்.

1. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை முழுக் காலும் தெரியும்படி, நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? முழங்காலை மட்டும் எடுத்த படம் போதாது.
2. கணுக்காலையும் நிற்க வைத்துத் தனியாக எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?
3. குதிகாலைக் கையால் இருபுறமும் அசைத்துப் பார்த்தீர்களா? இறுகியிருக்கிறதா?
4. எத்தனை டிகிரி திருத்தப்போகிறீர்கள்? அதற்குப் பிறகு என் கணுக்கால் எப்படி நிற்கும்?

கணுக்கால் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் பயமில்லாமல் போகலாம். கெட்டிருக்கிறது என்றால் திருத்தும் அளவைக் குறைப்பதா, முதலில் கணுக்காலைக் கவனிப்பதா, வேறு வழி உண்டா என்று அவர் சொல்லுவார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால், எக்ஸ்ரே படங்களுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். எலும்பு முறிவு போன்ற அவசரம் இதில் இல்லை. சில வாரங்கள் காத்திருக்கலாம்.

நாள் குறிப்பதைப் பட்டத்தோடு சேர்த்து யோசியுங்கள். முதல் ஆறு வாரம் வாக்கரோ கைத்தடியோ தேவைப்படலாம். எலும்பு கூட மூன்று மாதமாவது ஆகும். சேற்றில் இறங்கவும் சுமை தூக்கவும் ஆறு மாதம் வரை பொறுக்க வேண்டியிருக்கலாம். ஆடியில் விதைத்த மணிலாவை ஐப்பசியில் பிடுங்கி முடித்ததும் ஆபரேஷன் என்றால், அடுத்த விதைப்புக்குள் கால் தேறிவிட நேரம் இருக்கிறது. அந்த நவரைக்கு நெல்லை விட்டுவிட்டு, ஆள் வேலை குறைவான உளுந்தோ தீவனப் பயிரோ போடுங்கள். ஆறு வாரம் பால் கறப்பது யார், தண்ணீர் பாய்ச்சுவது யார் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்துங்கள்; எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பாதத்தை மேலே தூக்க முடியாவிட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சியைச் சொன்னபடி விடாமல் செய்யுங்கள்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ளவர்கள் சேரலாம். இந்த ஆபரேஷன் அதில் வருமா என்பதை நாள் குறிக்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

கால் தேறிய பிறகும் குந்தி உட்கார்ந்து களை வெட்டுவதைக் குறையுங்கள். மணிலாவுக்கு நின்றபடி தள்ளும் சக்கரக் களைக்கருவி, நெல்லுக்குக் கோனோவீடர், பால் கறக்க முக்காலி, இந்த மூன்றும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் ஓய்வு தரும். உழவுக்கு டிராக்டர் தேவைப்பட்டால், உழவன் செயலியில் இ-வாடகை மூலம் வேளாண்மைப் பொறியியல் துறையிடம் முன்பதிவு செய்யலாம்.

கணுக்கால் எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்று மறக்காமல் எழுதுங்கள். உங்களைப் போல முழங்கால் வலியோடு வயலில் நிற்கும் வேறு வாசகிகளுக்கும் அது உதவும்.